இரண்டாவது இரைச்சல்

1986 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. பகல் மணி 12.40.

கோயிலில் மாதா சபைக் கூட்டம் முடிந்து வீடு திரும்பிய ராஜமேரி முன்னறைக் கதவைத் தள்ளினாள். சன்னலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் அவள் கணவன் சின்னப்பராஜ் ஒருக்களித்துக் கிடந்தான். கிட்டார் கழுத்து வாரில் மாட்டியபடியே மார்போடு ஒட்டியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. ஆம்ப்ளிபயர் பெட்டியிலிருந்து 'உர்ர்' என்று மெல்லிய இரைச்சல் வந்துகொண்டிருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தவன் சின்னப்பராஜின் அண்ணன் அருள்நாதன். "யாரும் தொடாதீங்க, கரண்டு" என்று சொல்லிவிட்டு, போய் மெயின் சுவிட்சை அணைத்தவனும் அவன்தான்.

மணி 2.15.

மாரண்டஹள்ளியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாரப்பனை, சாப்பிட்ட கை கழுவக்கூட விடாமல் ஏட்டு அழைத்து வந்தார். மூன்று மைல் தூரம், சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தான். சூசைபுரத்தில் அந்த வீட்டு வாசலில் இறங்கியபோது கூட்டம் வழிவிட்டது. ஆனால் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலிருந்தே மாரப்பனுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் பச்சியப்பன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீதான் மாரப்பனா?"

"ஆமாங்க சார்."

"இந்த ஆம்ப்ளிபயரு?"

"நான்தான் செஞ்சு குடுத்தேனுங்க. ரெண்டு வருஷம் ஆச்சு."

"கடைசியா எப்ப கை வெச்ச?"

"புதன்கெழமைங்க."

"புதன்கிழமை கை வெச்ச. ஞாயித்துக்கிழமை ஆள் செத்துட்டான். கவனக்குறைவால் மரணம். என்ன சொல்ற?"

மாரப்பன் பாயால் மூடியிருந்த உடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாய்க்கு வெளியே நீண்டிருந்த இடது உள்ளங்கையில் வரிசையாக ஆறு கருப்புக் கோடுகள். கிட்டார்க் கம்பிகளின் தடம். வலது கையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். ஏட்டு பாயை விலக்கினார். விரல்களின் உள்பக்கம் தடிமனாக ஒரே ஒரு தீக்கோடு. மாரப்பன் நிமிர்ந்து சன்னலைப் பார்த்தான். கட்டைவிரல் பருமனில் இரும்புக் கம்பிகள். போன வாரத்து மழையில் ஊறிய சுவரில் இன்னும் ஈரம் காயவில்லை.

ஒரு கை கிட்டாரில். ஒரு கை சன்னல் கம்பியில்.

அந்தச் சன்னலுக்கு எழுந்து போகச் சொன்னவனே மாரப்பன்தான்.

மூன்று மாதமாகச் சின்னப்பராஜ் பட்ட பாடு ஊருக்கே தெரியும். பெங்களூரில் கேசட் வெளியிடும் ஒருவர் அவன் வாசிப்பைக் கேட்டுவிட்டு, வீட்டிலேயே நல்லதாக ஒரு கேசட் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார். பதிவு செய்தால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பதிந்தது. முதல் தடவை மாரப்பன் வந்து கிட்டாரிலிருந்து பெட்டிக்குப் போகும் வயரை மாற்றினான். கொஞ்சம் குறைந்தது. இரண்டாம் தடவை டேப்ரெக்கார்டரைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து தள்ளி வைத்து, டியூப்லைட்டை அணைத்துவிட்டு வாசிக்கச் சொன்னான். இன்னும் கொஞ்சம் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. வீட்டுக்கு எர்த்தே கிடையாது என்பது மூன்றாம் தடவைதான் தெரிந்தது. புதன்கிழமை, வெளிச்சுவர் ஓரமாக மண்ணில் ஒரு இரும்புக் குழாயை அடித்து இறக்கச் செய்து, பெட்டியின் உடம்பிலிருந்து செப்புக் கம்பி ஒன்றைச் சன்னல் வழியாகக் கொண்டுபோய் அதில் முடுக்கினான். இரைச்சல் பட்டென்று நின்றுவிட்டது. சின்னப்பராஜ் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"மறுபடி இரைச்சல் வந்தா வேற எங்கியும் தேடாதீங்க," என்று மாரப்பன் அப்போது சொல்லியிருந்தான். "சன்னல்ல எட்டிப் பாருங்க. குழாயில கம்பி இருக்குதான்னு பாருங்க. அது வுட்டுப் போனாத்தான் இரைச்சல் வரும்."

பச்சியப்பன் அவனை வெளியே அழைத்துப் போனார். குழாய் இரண்டு சன்னல்களுக்கு நடுவே, தரைக்கு மேல் இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் தலையில் போல்ட்டு தளர்ந்திருந்தது. செப்புக் கம்பி பக்கத்தில் புல்லில் கிடந்தது.

"பாத்தியா? நீ முடுக்கின லட்சணம். கழண்டு விழுந்துருக்கு. எர்த்து போச்சு, பெட்டியில கரண்டு ஏறிடுச்சு, தொட்டான், போயிட்டான்."

மாரப்பன் குனிந்து கம்பி முனையைப் பார்த்தான். பல மெல்லிய இழைகள் சேர்ந்த கம்பி அது. முனை ஒரு விரல் நீளத்துக்கு, தீக்குச்சி போல இறுக முறுக்கி, நேராக நின்றது. நுனியில் ஒரு கரும்புள்ளி.

அவன் தொடாமல் எழுந்தான்.

"சார், எர்த்து போனா இரைச்சல்தான் வரும். கரண்டு ஏறாதுங்க. பெட்டிக்குள்ள கரண்டு கசிஞ்சிருந்தாத்தான் ஏறும்."

"கசிஞ்சிருக்கும்."

"கசியலீங்க."

"நீ செஞ்ச பெட்டிய நீயே நல்ல பெட்டிங்கற. யாரு நம்புவா?"

மணி 3.05.

அருள்நாதனை விசாரித்தார் பச்சியப்பன். நாற்பத்தைந்து வயது. பஞ்சாயத்துத் தண்ணீர் மோட்டார் ஓட்டுகிற வேலை. கோயிலில் இருபது வருடமாகப் பாடகர் குழுவுக்கு அவன்தான் தலைமைக் குரல். தம்பி வாசிக்க அண்ணன் பாடாத திருவிழா அந்த வட்டாரத்தில் இல்லை. அழுது அழுது அவன் கண் வீங்கியிருந்தது.

"எங்க இருந்தீங்க?"

"பதினொன்றரைக்கு மோட்டார் போடப் போனேனுங்க. தம்பி சம்சாரம் போட்ட சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன்."

"மோட்டார் ரூம் எவ்வளவு தூரம்?"

"அஞ்சு நிமிசம் நடைங்க."

"இந்த வீடு?"

"பொது வூடுங்க. முன்னால தம்பி, பக்கத்து ரூமு என்னுது."

"பூட்டியிருக்கே. வயரிங் பார்க்கணும்."

"காலையில பூசைக்குப் போறப்பப் பூட்டினதுங்க. அப்பறம் தொறக்கவே இல்லை. சாவி ஒண்ணுதான், என் இடுப்புலயே இருக்குது. வூட்டுக்காரி ஏரியூர்ல அவங்க அம்மா வூட்டுக்குப் போயி நாலு நாளாச்சு." அவன் மாரப்பன் பக்கம் திரும்பினான். "ஏன் மாரப்பா, ஒரு போல்ட்டு ஒழுங்கா முடுக்கத் தெரியலியா உனக்கு? என் தம்பியக் கொன்னுட்டியே."

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். மாரப்பனுக்குப் பதினெட்டு வருடத் தொழில். இனி மாரண்டஹள்ளியில் ஒரு டார்ச் லைட்டைக்கூட யாரும் அவனிடம் கொடுக்கப்போவதில்லை. ஜெயில் அதற்கப்புறம்.

"சார்," என்றான். "மெயின் போடச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"பெட்டியப் போடறேன். எர்த்து இல்லாமலே போடறேன். அவரு நின்ன மாதிரியே நிக்கறேன்."

பச்சியப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஏட்டுக்குத் தலையசைத்தார்.

மாரப்பன் அந்தச் செப்புக் கம்பி எதன் மீதும் படாதபடி, வெளியே ஒரு காய்ந்த பலகையின் மேல் வைக்கச் செய்தான். செருப்பைக் கழற்றினான். பெட்டியைப் போட்டான். உர்ர் என்று இரைந்தது. டெஸ்டரைக் கிட்டார்க் கம்பியில் வைத்தான். எரியவில்லை.

"டெஸ்டர் பொய் சொல்லும்யா," என்றார் பச்சியப்பன்.

"தெரியுங்க."

இடது கையால் ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடித்தான். "வேணாங்கண்ணா," என்று உள்ளே இருந்து ராஜமேரி எழுந்து வந்தாள். அவன் சன்னலுக்கு நடந்தான். அந்த மூன்றடி தூரத்தில் தன் இரண்டு பெண் பிள்ளைகளின் முகம் அவனுக்கு ஞாபகம் வந்தது. டிரான்ஸ்பார்மரைத் தன் கையால் சுற்றியது, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே காகிதம் வைத்தது எல்லாம் ஞாபகம் வந்தது. வலது கையை நீட்டி இரும்புக் கம்பியை இறுகப் பற்றினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

அப்படியே நின்றான். ஏட்டு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் போனது. மாரப்பனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"போதும், வுடு," என்றார் பச்சியப்பன். குரலில் முன்பிருந்த கனம் இல்லை. "அப்ப கரண்டு எங்கிருந்து வந்துச்சு?"

"அத இவரேதான் சொல்லணுங்க," என்று மாரப்பன் பாய்ப் பக்கம் கை காட்டினான். "டேப்ப யாராவது தொட்டீங்களா?"

யாரும் தொடவில்லை. டேப்ரெக்கார்டர் மூலையில் ஸ்டூல் மேல் இருந்தது. அழுத்தியிருந்த பொத்தான் எம்பியிருந்தது. கேசட்டில் நாடா முழுவதும் ஒரு பக்கமாகச் சுற்றியிருந்தது. செத்தவன் கை போய் நிறுத்தவில்லை. நாடா தீரும்வரை ஓடித் தானே நின்றிருக்கிறது.

மணி 3.50.

நாடாவை முதலுக்குச் சுற்றிப் போட்டான் மாரப்பன். அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: பச்சியப்பன், ஏட்டு, ராஜமேரி, அவன். அருள்நாதன் வாசல்படியில் நின்றான்.

சின்னப்பராஜின் குரல் வந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு." ராஜமேரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கிட்டார் தொடங்கியது. சுத்தமான வாசிப்பு. பின்னால் ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. மாரப்பன் தன் கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

பதினான்காவது நிமிடத்தில் தூரத்தில் கோயில் மணி கேட்டது. மூன்று, மூன்று, மூன்று, அப்புறம் தொடர்ந்து.

"பன்னெண்டு மணி ஜெபம்," என்றார் ஏட்டு.

"அதுவரைக்கும் எர்த்து நல்லாத்தான் இருக்குதுங்க," என்றான் மாரப்பன்.

மணி அடங்கிச் சில நிமிடம் கழித்து, பாட்டின் நடுவில், உர்ர் என்று மெல்லிய இரைச்சல் எழுந்தது. வாசிப்பு நின்றது. "அட, மறுபடியும் வந்துடுச்சே," என்றான் சின்னப்பராஜ். நாற்காலி நகர்ந்தது. காலடி கேட்டது. அப்போது 'டப்' என்று ஒரு சத்தம். இரைச்சல் திடீரென்று பருத்து, பெட்டியே கிழிந்துவிடும் போல அலறியது. ஆறு கம்பிகளும் ஒன்றாக அதிர்ந்தன. ஏதோ கனமாக விழுந்தது.

ராஜமேரி சுவரில் தலையைச் சாய்த்தாள்.

மாரப்பன் நாடாவை நிறுத்தவில்லை. அலறல் போய்க்கொண்டே இருந்தது. கேட்கச் சகிக்காமல் ஏட்டு வெளியே பார்த்தார். பிறகு இன்னொரு 'டப்'. அலறல் அறுந்தது. மறுபடி அந்தப் பழைய மெல்லிய இரைச்சல் மட்டும், நாடா தீரும்வரை.

மாரப்பன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையில் கட்டிக்கொண்டான்.

"சார், இதுல ரெண்டு இரைச்சல் இருக்குதுங்க. முதல்ல வந்தது சின்னது. அது எர்த்து போனதால வந்தது. கம்பி கழண்டு விழுந்தா அது மட்டுந்தான் கேக்கணும். இப்ப நான் பெட்டியப் போட்டப்பக் கேட்டீங்களே, அதேதான். ஆனா ரெண்டாவதா ஒண்ணு வந்துச்சு. அது கரண்டு ஏறினதால வந்த இரைச்சல். வந்துச்சு, அப்பறம் போயிடுச்சு. கம்பி தானா கழண்டு விழுவும். தானாப் போயிச் சொருகிக்கிட்டு, தானா வெளிய வராது."

பச்சியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க சொருகறது?"

"கம்பி முனைய நீங்களே பாருங்க. போல்ட்டுக்கு அடியில வெச்சு முடுக்கறதுக்கு நான் முனைய மோதிரம் மாதிரி வளைச்சுத்தான் வெப்பேன். கழண்டு விழுந்தாலும் வளைவு அப்படியே இருக்கும். இது நேரா இருக்குது. தீக்குச்சி கணக்கா முறுக்கியிருக்குது. பிளக் பாயிண்ட் ஓட்டையில போறதுக்குத்தான் அப்படி முறுக்கணும். நுனியில தீப்பொறி பட்ட கருப்பும் இருக்குது."

"எந்த பிளக் பாயிண்ட்?"

மாரப்பன் வெளியே வந்து, சன்னலிலிருந்து தொங்கிய கம்பியின் முனையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முழம் கூடுதலாக விட்டிருந்தான். சமையலறைப் பக்கம் இழுத்தால் பாதியிலேயே நின்றது. மறு பக்கம் இழுத்தபோது, அடுத்த சன்னலின் கம்பிகளுக்குள் நுழைந்து மேலும் ஒரு முழம் உள்ளே போனது. அந்த அறைக்குள் நின்று சன்னல் வழியாகக் கைவிட்டால் குழாயின் தலை எட்டும். அந்தச் சன்னலுக்கு அடியில், உள்பக்கச் சுவரில், ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது.

அருள்நாதனின் அறை.

"சாவி ஒண்ணுதான்னு சொன்னீங்க," என்று பச்சியப்பன் வாசற்படியைப் பார்த்துக் கேட்டார். "இடுப்புலயே இருக்குன்னீங்க. குடுங்க."

அருள்நாதன் அசையவில்லை. ஏட்டு போய் அவன் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

மணி 4.40.

பிளக் பாயிண்டின் வலது ஓட்டையைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. மாரப்பன் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு அதைத் திறந்தான். ஓட்டைக்குள் மயிரிழை போல ஒரு செப்பு இழை முறிந்து சிக்கியிருந்தது. அதை ஏட்டு காகிதத்தில் மடித்தார்.

"மோட்டாரப் போட்டுட்டா தண்ணி தானா ஏறும். ஆள் பக்கத்துல நிக்கத் தேவையில்லீங்க," என்றான் மாரப்பன். "பன்னெண்டு மணிக்கு மேல இந்த ரூமுக்குள்ள ஒருத்தர் இருந்திருக்கறாரு. இரைச்சல் வந்தா சின்னப்பராஜ் என்ன செய்வாருன்னு அவருக்குத் தெரியும். நான் புதன்கெழமை சொன்னத ரெண்டு பேருதான் கேட்டாங்க. ஒருத்தரு சன்னலுக்கு உள்ள நின்னாரு. இன்னொருத்தரு சன்னலுக்கு வெளிய, எனக்காகச் சம்மட்டி எடுத்துக் குழாய அடிச்சுக் குடுத்துட்டு நின்னாரு."

அருள்நாதன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"கொல்லணும்னு செய்யலீங்க," என்றான். "ஷாக்கு அடிக்கட்டும், கை ஒதறிக்கட்டும்னுதான். அந்தப் பெட்டியக் கண்டே பயப்படட்டும்னு."

"ரெண்டு நிமிசம் பதினஞ்சு நொடிங்க," என்றான் மாரப்பன். "அலறல் ஆரம்பிச்சு நிக்கற வரைக்கும். விழுந்த சத்தம் இந்த ரூமுக்குக் கேட்டிருக்கும்."

பச்சியப்பன் அருள்நாதன் எதிரில் குனிந்தார். "ஏன்?"

"இருவது வருசம் நான் பாட அவன் வாசிச்சான். பெங்களூருக்காரருக்கு ரெண்டு பேரும்தான் சேர்ந்து பதிஞ்சோம். போட்டுக் கேட்டுட்டுத் தம்பி, அண்ணன் குரல் வேணாம், வாசிப்பு மட்டும் அனுப்பறேன்னுட்டான். சரின்னு பேசாம இருந்தேன். குழாய் அடிக்கக் கூப்பிட்டான், அதுக்கும் போனேன். எர்த்து குடுத்து இரைச்சல் நின்னதும் உள்ள இருந்து சொன்னான். மாரப்பா, ஒரு இரைச்சல நீ எடுத்துட்ட, இன்னொரு இரைச்சல் இருவது வருசமாப் பாடிக்கிட்டு இருக்குதே, அத எந்தக் கம்பியில கட்டி எறக்கறதுன்னான்." அருள்நாதன் முதல் தடவையாக மாரப்பனைப் பார்த்தான். "நீ சிரிச்ச."

மாரப்பனுக்கு அது நினைவிலேயே இல்லை. இப்போது வந்தது. கூலியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, வாடிக்கையாளர் சொன்ன தமாஷுக்கு எல்லோரும் சிரிக்கிற மாதிரி சிரித்திருந்தான். வெளியே அருள்நாதன் சம்மட்டியோடு நின்றுகொண்டிருந்ததை அப்போது அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

மணி 6.30.

ஸ்டேஷனில் ஏட்டு வாக்குமூலத்தை எழுதி வாசித்துக் காட்டினார். கம்பி முனை, செப்பு இழை, நாடாவின் நேரம் எல்லாம் சரியாக இருந்தது.

"நான் சிரிச்சத எழுதலீங்களே," என்றான் மாரப்பன்.

பச்சியப்பன் டீ கிளாசைக் கீழே வைத்தார். "அது எதுக்குய்யா? எதிர்க்கட்சி வக்கீல் அதப் பிடிச்சுத் தொங்குவான். நீ தப்பிச்சே. கையெழுத்தப் போட்டுட்டு வூடு போய்ச் சேரு."

கையெழுத்துப் போட்டான். வெளியே, உடலைத் தர்மபுரிக்குக் கொண்டுபோக வந்த வண்டியின் பக்கத்தில் ராஜமேரி நின்றுகொண்டிருந்தாள். உடன் வர ஆண்துணை யாரும் இல்லை. வீட்டில் இருந்த இரண்டு ஆண்களில் ஒருவன் வண்டிக்குள், ஒருவன் லாக்கப்புக்குள். மாரப்பன் தானே வருவதாகச் சொன்னான். அவள் தலையசைத்தாள்.

வண்டி கிளம்பிச் சாலைக்கு ஏறிய பிறகுதான் பேசினாள்.

"மூத்தாரு சொன்னது நெசமாங்கண்ணா? நீங்க சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்மா."

அவள் பாயின் ஓரத்தைச் சரிசெய்து, வெளியே வந்திருந்த கையை உள்ளே எடுத்து வைத்தாள்.

"சமையக்கட்டுல நானும் இருந்தேன். அவரு அதச் சொன்னப்ப நீங்க லேசாத்தான் சிரிச்சீங்க," என்றாள். "வெளிய கேக்கற மாதிரி சிரிச்சது நான்தான்."

வண்டி பாலக்கோட்டைத் தாண்டித் தர்மபுரி சாலையில் போய்க்கொண்டிருந்தது.